ஞாயிறு பதினொரு மணிப் பசி: சிங்கப்பூரில் எங்கே போய் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு என் போன் அடித்தால் அது அண்ணன் மகன்தான். சிங்கப்பூரில் அப்போது மணி பதினொன்று. கிருஷ்ணகிரியில் நான் இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருப்பேன். அவன் செங்காங்கில் வாடகை அறைக் கட்டிலில் புரண்டுகொண்டு, "அத்தை, பசிக்குது. எங்க போறதுன்னுதான் தெரியல" என்பான். கூட இருப்பவன் பாலக்கோட்டுப் பையன், புரட்டாசி வந்தால் முட்டைகூடத் தொடமாட்டான். ஆபீஸ் ஆட்கள் ஒரு பக்கம் 'பிரஞ்ச்' போகலாம் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம் லிட்டில் இந்தியா இருக்கும் தேக்காவுக்கு வா என்கிறார்கள். இரண்டு பையன்களும் பன்னிரண்டு மணி வரை யோசித்துவிட்டு நூடுல்ஸ் கிண்டித் தின்றுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

ஒன்பது வருடம் அங்கே குடித்தனம் நடத்திவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பினேன். ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து புதிதாகப் போகிற பிள்ளைகளும் சுற்றி வளைத்து இதையேதான் கேட்கிறார்கள். ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

பிரஞ்ச் என்றதும் மிரள வேண்டாம். காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துப் பதினொரு மணிவாக்கில் ஒரே வேளையாகச் சாப்பிடுவது, அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலையில் அரக்கப் பரக்க எழ வேண்டியதில்லை என்று 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் இந்தச் சாப்பாட்டுக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். எங்கள் தாத்தாவுக்குக் காரணம் வேறு. விடியலில் கொல்லையில் வயல் வேலைக்குப் போனவர் பத்தரைக்குத் திரும்பிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டால், அடுத்த வேளை பொழுது சாய்ந்த பிறகுதான். அதற்கு எங்கள் வீட்டில் யாரும் பேர் வைக்கவில்லை.

எதைப் பார்த்து முடிவு செய்வது

முதலில் முழு பில். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று சின்னதாகப் போட்டிருந்தால் உஷாராகுங்கள். ஒரு கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இன்னொன்று ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம். அதையும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள்.

அடுத்தது, எத்தனை மணிக்கு மறுபடி பசிக்கிறது. பதினொன்றுக்குச் சாப்பிட்டு இரண்டுக்கு வயிறு கேட்டால் அது பிரஞ்ச் இல்லை, விலை கூடின டிபன். நான் இதைத்தான் முதலில் வைப்பேன், ஆனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், எவ்வளவு நேரம் உட்கார விடுகிறார்கள் என்பது. வாரம் முழுக்க ஓடியவனுக்கு ஞாயிறு காலையில் வேண்டியது பாதி சாப்பாடு, பாதி நாற்காலி. அதோடு வரிசையில் நிற்கிற நேரம், எம்ஆர்டி ரயிலில் போய்வரும் நேரம். கடைசியாக, கூட வருகிறவர் யார்: சைவமா, பன்றி வேண்டாம் என்பவரா, மாடு வேண்டாம் என்பவரா.

அவசரக்காரர்களுக்கு ஒரு பட்டியல். இரண்டு பேர் சாப்பிட்டால் ஏறக்குறைய ஆகும் செலவு, எங்கள் வீட்டு அனுபவப்படி:

| எங்கே | செலவு (வெள்ளி) | உட்காரலாமா | மறுபடி பசி (எத்தனை மணிக்கு) |
|---|---|---|---|
| காஃபே | 70-க்கு மேல் | ஒன்றரை மணி நேரம் | மூன்று மணி |
| கோப்பிக் கடை, ஹாக்கர் சென்டர் (மலிவான சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையடியில் இருக்கும் இடம்) | 12 முதல் 18 | கூட்டம் வரும் வரை | ஒன்றரை மணி; புரோட்டா என்றால் நாலு |
| தேக்கா டிபன் | 20 முதல் 30 | உள்ளே இல்லை, வெளியே நாள் முழுக்க | மூன்று மணி |
| டிம் சம் (ஆவியில் வேகும் சீனப் பலகாரம்) | 60 முதல் 80 | ஆள் அதிகம் இருந்தால் தாராளமாக | ஐந்து மணி |
| அறையில் சமையல் | 15 முதல் 20 | இஷ்டம்போல | களி என்றால் இரவுதான் |

வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்கே நம் ஆட்கள் டாலர் என்று சொல்வது குறைவு.

காஃபே

டியோங் பாரு பக்கம் 1930-களில் கட்டிய பழைய அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய உண்டு. எங்கே போனாலும் எக்ஸ் பெனடிக்ட் இருக்கும். பிளந்த பன், அதன்மேல் ஹாம், அதன்மேல் ஓடில்லாமல் வெந்நீரில் வேகவைத்த முட்டை, மேலே மஞ்சள் கருவும் வெண்ணெயும் அடித்த சாஸ். கத்தி பட்டதும் மஞ்சள் கரு வழிந்து ஓடும், எல்லோரும் படம் எடுப்பார்கள். ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஹாம் என்றால் பன்றி. வேண்டாதவர்கள் காளானோ பசலைக் கீரையோ போடச் சொல்லலாம், பெரும்பாலும் செய்து தருவார்கள்.

பில்லைப் பாருங்கள். தலா 24 வெள்ளியில் இரண்டு தட்டு, தலா ஆறரை வெள்ளியில் இரண்டு காப்பி, மொத்தம் 61. சேவைக் கட்டணம் சேர்த்தால் 67.10. ஜிஎஸ்டி சேர்த்தால் 73.14. நம் பணத்தில் நாலாயிரத்து ஐநூறுக்குக் குறையாது. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மாதம் காலை டிபன் சாப்பிடலாம் என்று மனசு கணக்குப் போடும். போட விடாதீர்கள், அப்புறம் அங்கே எதையுமே சாப்பிட முடியாது.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது நேரம். ஓசூரிலிருந்து வந்த சிநேகிதியை ஒரு காஃபேவுக்குக் கூட்டிப்போனேன். முன்பதிவு கிடையாது என்று நாற்பது நிமிடம் வெயிலில் நிற்க வைத்தார்கள். உட்கார்ந்ததும், இந்த மேசை தொண்ணூறு நிமிடத்துக்குத்தான் என்றார்கள். அவள் விவாகரத்துக் கதையின் நடுவில் இருந்தபோது, கேட்காமலே பில் வந்தது. மீதிக் கதையைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன்.

ஆபீஸ் ஆட்கள் கூப்பிட்டால் போங்கள். புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு தடவை மறுத்தால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்கள், அந்த நஷ்டம் எழுபது வெள்ளியைவிடப் பெரிது. நீங்களாகப் போவதென்றால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். வரிசையும் இருக்காது, யாரும் விரட்டவும் மாட்டார்கள்.

கோப்பிக் கடையும் ஹாக்கர் சென்டரும்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் பாஷை. வெறும் 'கோப்பி' என்றால் கண்டென்ஸ்டு பால் ஊற்றியது, நம் ஊர் டீக்கடைப் பாலைவிடத் தித்திக்கும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் தித்திப்பில்லாத டப்பா பாலும் சர்க்கரையும். நம் நாக்குக்கு இதுதான் கிட்ட வரும். சர்க்கரையே வேண்டாம் என்றால் 'கொசோங்', குறைவாக வேண்டும் என்றால் 'சியூ தாய்'. 'கோப்பி சி சியூ தாய்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்களானால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே போட்டுத் தருவார். நான் அதைச் சரியாகச் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று.

அதோடு காயா டோஸ்ட். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டிய ஜாம் போன்ற ஒன்றுதான் காயா. சுட்ட ரொட்டியில் அதைத் தடவி, நடுவே வெண்ணெயை வில்லையாகவே வைத்துவிடுவார்கள். கடிக்கும்போது வெண்ணெய் பாதி உருகியும் பாதி சில்லென்றும் இருக்கும். பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு வரும். அதை நீங்களே சாஸரில் உடைத்து, கறுப்பு சோயா சாஸ் ஒரு சுற்று, வெள்ளை மிளகுத்தூள் நாலு தட்டு, கலக்கி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதல் நாள் அந்தக் கொழகொழப்பைப் பார்த்து என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மூன்றாவது மாதம் என் பங்கையும் அவரே குடித்தார். ஆமாம், குடித்தார். பலரும் சாஸரைத் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள்.

ருசி சரி, ஆனால் காயா டோஸ்ட் தாங்காது. ஒன்றரை மணிக்கு வயிறு கூப்பிடும். பிரஞ்ச்சாக நிற்க வேண்டும் என்றால் ஹாக்கர் சென்டரில் புரோட்டாக் கடையைத் தேடுங்கள். அங்கே 'ரொட்டி பிராட்டா' என்பார்கள். சாதா இரண்டு, முட்டை ஒன்று, மீன் குழம்பு. நம் ஊர் சால்னாவை எதிர்பார்க்காதீர்கள், இதில் புளிப்பும் தேங்காயும் தூக்கலாக இருக்கும். சைவம் என்றால் பருப்பு கேளுங்கள். பக்கத்து மேசையில் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார்கள், சிரிக்காதீர்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே ++ கிடையாது, போர்டில் போட்ட விலைதான். ஆனால் வேறு விதத்தில் செலவு வரும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம்: முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி அபராதம். எட்டு வெள்ளிச் சாப்பாட்டுக்கு அது ஓவர். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துவிடாதீர்கள், இடம் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரி. பாலக்கோட்டுப் பையன் அதை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டான் என்று கேள்வி.

சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய் மட்டும்தான் என்று தெரிகிற பொரியலிலும் காய்ந்த இறாலோ சிப்பி சாஸோ இருக்கலாம். 'வெஜிடபிள்' என்று கேட்டால் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அது காய்தானே. 'இறால் இல்லாமல்' என்று தனியாகக் கேளுங்கள், அல்லது இந்தியக் கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டம் பதினொன்றரைக்கு மேல் ஏறும். பத்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம் ஒருவர் தட்டோடு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். இந்த ஹாக்கர் பழக்கத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. பின்னால் வந்து நிற்பதும் அதில் சேர்த்தியா, தெரியாது.

தேக்கா என்கிற லிட்டில் இந்தியா

செங்காங்கிலிருந்து ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் மாறாமல் இறங்கலாம். 1924-ல் தொடங்கிய ஆனந்த பவன், சிராங்கூன் ரோட்டில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ், தேக்கா சென்டரில் பிரியாணி, தோசைக் கடைகள். புரட்டாசி நண்பர் கூட வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இங்கேதான். தமிழில் கேட்டு, தமிழில் திட்டு வாங்கி, இலையில் சாப்பிடலாம்.

ஆனால் ஊர் ருசி என்று நினைத்துப் போகாதீர்கள். அது எல்லா ஊருக்கும் பொதுவான ஓட்டல் சாம்பார். ஓசூர்ப் பக்கத்துத் தட்டு இட்லியோ, தருமபுரிப் பக்கத்துக் கொள்ளுக் கடைசலோ நினைப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் கவளத்திலேயே அழுகை வரும். எனக்கு வந்தது. பொங்கல் என்றால் பொங்கல், அவ்வளவோடு சாப்பிடுங்கள்.

இன்னொன்று, ஞாயிறு. துவாஸ், ஜூரோங் பக்கம் தங்கும் விடுதிகளில் இருக்கும் தொழிலாளர்களில் ரொம்பப் பேருக்கு விடுப்பு அன்றைக்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வருவார்கள், பணம் அனுப்புவார்கள், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மூலையில் நிற்பார்கள். மதியத்துக்கு மேல் நடைபாதையில் நடக்க முடியாது, ஓட்டலில் சாப்பிட்ட கை காய்வதற்குள் எழ வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு நான் யோசனை சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் ஞாயிறு. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சாப்பாட்டுக்காக என்றால் சனிக்கிழமை காலையில் போங்கள், ஆட்களைப் பார்க்க என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும்.

மறைமுகச் செலவுக்குப் பெயர் முஸ்தபா, அங்கே இருக்கும் பெரிய பல்பொருள் கடை. பத்து வெள்ளிக்குத் தோசை தின்றுவிட்டு 'சும்மா பார்த்துவிட்டு வரலாம்' என்று உள்ளே நுழைந்தால், மூன்று மாடி ஏறி இறங்கி, பருப்பு, ஷாம்பு, யாருக்கோ ஒரு பெட்டி என்று எண்பது வெள்ளியோடு வெளியே வருவீர்கள். அந்த மூட்டைகளோடு எம்ஆர்டியில் நிற்கிற சிரமம் தனி.

டிம் சம்

சீன நண்பர்கள் கூப்பிட்டால் தயங்காதீர்கள். மூங்கில் கூடைகளில் மூன்று, நாலு உருண்டையாக ஆவி பறக்க வரும். இட்லி வேகும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனையே பழகினதுதான். நாலு பேருக்குக் குறைந்து போகக் கூடாது. இரண்டு பேர் போனால் நாலு வகையோடு வயிறு நிரம்பிவிடும். ஆறு பேர் என்றால் பதினைந்து வகை பார்க்கலாம், பேச்சும் நீளும்.

உட்கார்ந்ததும் தேநீரும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் வரும். இலவசம் என்று நினைத்தேன், இல்லை. கடலையும் துண்டும் வேண்டாம் என்று அப்போதே திருப்பிக் கொடுத்தால் பில்லில் வராது. தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி.

பன்றி வேண்டாதவர்களுக்கு: சார் சியூ பாவ், சியூ மாய் இரண்டிலும் அதுதான் இருக்கும். ஹர் காவ் இறால், ஆனாலும் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரரைக் கூட்டிப்போவது பாவம்.

நட்சத்திர ஓட்டல் பஃபே

தலைக்கு நூறு வெள்ளிக்கு மேல், அதற்கும் ++. கம்பெனி செலவென்றால் போங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களை மகிழ்விக்க என்றால் வேண்டாம். என் மாமனார் அத்தனை மேசையையும் சுற்றிவிட்டு, "தயிர் எங்கம்மா வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

அறையிலேயே சமைப்பது

கேட்க மலிவு. ஆனால் அறை எடுக்கும்போதே ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? 'சமைக்கக் கூடாது', இல்லையென்றால் 'லேசான சமையல் மட்டும்' என்று இருக்கும். லேசான சமையல் என்றால் நூடுல்ஸ், முட்டை, வெந்நீர். தாளிப்பு அதில் சேராது. நாங்கள் முதலில் இருந்த அறையில் ஒரு ஞாயிறு கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் இருந்த ஜன்னல் அத்தனையையும் திறந்தார். அடுத்த மாதம் வேறு அறை பார்க்கச் சொன்னார். மாற்றிய செலவையும் சேர்த்தால் என் வாழ்க்கையிலேயே விலை கூடிய கருவாடு அதுதான். ஆகவே சமையல் ஆசை இருந்தால் வாடகையில் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது சமைக்க விடுகிற இடமாக எடுங்கள். அந்தக் கூடுதலையும் ஞாயிற்றுச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

விடுகிற வீடாக இருந்தால் வேறு எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒருவர் தேக்காவில் கறி வாங்கிவரட்டும், ஒருவர் கீரை, ஒருவர் பாத்திரம் கழுவட்டும். இந்தக் கடைசி ஆளை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாவிட்டால் இரண்டாவது வாரம் கூட்டணி உடையும். ராகி மாவு தேக்கா மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. களிதான் என் சிபாரிசு. ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி நொய். நொய் வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, நடுவே ஓட்டை போட்டு, கலக்காமல் மூடிவைத்துவிட வேண்டும். மாவு தானாக வெந்த பிறகுதான் கிண்டல். துடுப்பு இல்லையென்றால் சப்பாத்திக் கட்டை போதும்.

ஒன்று மட்டும்: ஊரில் செய்கிற மாதிரி பானையைத் தரையில் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டாதீர்கள். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் நான் அப்படிச் செய்தபோது, கீழ்வீட்டுத் தாத்தா மேலே ஏறி வந்து, வீட்டில் என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு உருண்டை கொடுத்தனுப்பினேன். பிடித்ததா என்று சொல்லவில்லை, தட்டை மட்டும் கழுவிக் கொடுத்தார்.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் போன வாரம் சொல்லி முடித்திருந்தேன். இந்த ஞாயிறு எட்டரைக்கு வீடியோ அழைப்பு. இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் சுற்றுகிறது. பாலக்கோட்டுப் பையன் துண்டால் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறான். இவன் கையில் சப்பாத்திக் கட்டை. "அத்தை, நடுவுல கட்டி கட்டியா இருக்குது."

"கலக்காதன்னு சொன்னேனே. கொஞ்சம் வெந்நீர் தெளிச்சு, தீயைக் குறைச்சு, மூடு. பத்து நிமிஷம் தொடாத."

"பத்து நிமிஷமா? பசிக்குது அத்தை."

"தொட்டுக்க என்ன வெச்சிருக்க?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் வைக்கவில்லை. பாலக்கோட்டுப் பையன் பெட்டியைத் திறந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயைத் தேட ஆரம்பித்தான். அது எந்தப் பையில் இருக்கும் என்று நானும் அவனோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்ததில், இந்தப் பக்கம் இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடிபிடித்த வாசனை வந்தது.